ராவுத்தரே, குதிரை எங்கே?



சென்ற மாதம் சூலக்கரை மேட்டில் சாத்தூர் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். ஐ.டி.ஐ. முடித்துவிட்டு துபாய்க்குப் போகத் துடிக்கும் நம் பையன் ஒருவன், செல்போனை நீட்டியபடி ஓடி வந்தான். திரையில் பாஸ்போர்ட் மனு. 'குடும்பப் பெயர்' என்ற கட்டம் காலியாக நிற்கிறது.

"ஹஜ்ரத், இதுல என்ன போட? அத்தா பேரைப் போடவா, ராவுத்தர்னு போடவா?"

கேள்வி சின்னதுதான். ஆனால் 2022 நவம்பரில், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருந்தால் விசிட் விசாவில் உள்ளே விடமாட்டோம் என்று ஐக்கிய அரபு அமீரகம் அறிவித்ததிலிருந்து, நம் பையன்களுக்கு இந்தக் கட்டம் பெரிய தலைவலியாகிவிட்டது. நாம் இனிஷியலோடு பிழைத்த சமுதாயம். தகப்பன் பெயரின் முதல் எழுத்தை முன்னால் வைத்துக்கொண்டே காலத்தை ஓட்டிவிட்டோம். இப்போது பின்னால் ஒரு பெயர் எங்கே என்று கேட்கிறார்கள்.

அத்தா பெயரையே போடு என்றேன். அது என் சொந்த யோசனை அல்ல. திருக்குர்ஆனின் 33வது அத்தியாயம் 5வது வசனம், பிள்ளைகளை அவர்களுடைய தந்தையர் பெயரோடு சேர்த்து அழைக்கச் சொல்கிறது. நபி (ஸல்) அவர்களின் வளர்ப்பு மகனாக இருந்த ஜைத் (ரலி) அவர்களை மக்கள் 'ஜைத் இப்னு முஹம்மது' என்றே அழைத்து வந்தார்கள். இந்த வசனம் இறங்கியதும் அவர் 'ஜைத் இப்னு ஹாரிஸா' ஆனார். யோசித்துப் பார்! உலகத்திலேயே உயர்ந்த பெயர் அவருக்குப் பின்னால் இருந்தது. அதையும் எடுத்துவிட்டு, பெற்றவர் பெயரைக் கொடுத்தது மார்க்கம்.

பையன் தலையாட்டினான். பிறகு கேட்டான்: "அப்ப ராவுத்தர்னா யாரு ஹஜ்ரத்?"

நான் வாயைத் திறப்பதற்குள் பஸ் வந்துவிட்டது.

பத்து நாள் கழித்து அந்தப் பையனின் அத்தா பள்ளிவாசலுக்கு வந்தார். விருதுநகர் மார்க்கெட்டில் வற்றலும் பருப்பும் எடுத்து சுற்றுவட்டாரக் கடைகளுக்குப் போடுகிறவர். ஜும்ஆ தவறாதவர். ஜகாத் கணக்கில் ஒரு பைசா பிசகாதவர். மகளுக்கு ஒரு வரன் வந்திருக்கிறது. மாப்பிள்ளைப் பையன் செல்போன் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறான். பஜ்ரு தொழுகைக்கு முன் வரிசையில் நிற்கிறவன். வரதட்சணை ஒரு ரூபாய் வேண்டாம், மஹரை ரொக்கமாகப் பெண் கையில் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறான்.

"பிறகென்ன அண்ணே, அல்ஹம்துலில்லாஹ்!" என்றேன்.

அவர் குரலைத் தாழ்த்தினார். "பையன் தங்கம் ஹஜ்ரத். ஆனா அவுக தாத்தா காலத்துலதான் இஸ்லாத்துக்கு வந்தவுக. நாங்க ராவுத்தர் இல்லையா?"

மகன் பஸ் நிறுத்தத்தில் கேட்டதும், தகப்பன் பள்ளிவாசலில் கேட்டதும் ஒரே கேள்விதான். இரண்டு பேருக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். உட்கார் சகோதரனே, நிதானமாகப் பேசுவோம்.

ராவுத்தர் என்றால் குதிரை வீரன். அவ்வளவுதான்! ஜாதிப் பெயர் அல்ல. வம்சப் பெயர் அல்ல. மார்க்கத்தின் பெயரும் அல்ல. அரபியில் இந்தச் சொல்லைத் தேடினால் கிடைக்காது, பார்சியில் தேடினாலும் கிடைக்காது. 'ராஜபுத்ர' என்ற வடமொழிச் சொல் பிராகிருதத்தில் தேய்ந்து 'ராவுத்த' ஆனது. அரச குடும்பத்து ஆளிடம்தான் குதிரை இருந்தது என்பதால் முதலில் அவனைக் குறித்தது. பிறகு குதிரை ஏறிச் சண்டை போடுகிற எல்லாருக்கும் பொதுவானது. கன்னடத்திலும் தெலுங்கிலும் மராத்தியிலும் சிறு மாற்றத்தோடு இந்தச் சொல் இருக்கிறது. மும்பையில் சிவசேனைத் தலைவர் சஞ்சய் ராவுத் பெயரைப் பத்திரிகையில் பார்த்திருப்பாய். அவருடைய குடும்பப் பெயரும் உன் பாட்டனாரின் பெயரும் ஒரே வேரில் முளைத்தவை! கேட்க வேடிக்கையாக இருக்கிறதா? உண்மை இதுதான்.

இன்னும் ஒன்று கேள். 15ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அருணகிரிநாதர் முருகனைப் பாடும்போது 'ராவுத்தன்' என்றே அழைக்கிறார். அங்கே மயில்தான் குதிரை. செஞ்சிப் பக்கத்தில் திரௌபதி அம்மன் கோயில்களில் காவலுக்கு நிற்கும் உருவம் ஒன்றுக்கு 'முத்தால் ராவுத்தன்' என்று பெயர். முஸ்லிம் குதிரை வீரனாகவே அவனைச் சொல்கிறார்கள். சிலைக்கும் நமக்கும் சம்பந்தமில்லை, லா இலாஹ இல்லல்லாஹ். ஆனால் சாட்சி சாட்சிதானே? இந்த நாட்டு மக்களின் மனதில் ராவுத்தன் என்பவன் பயமுறுத்த வந்த அன்னியனாக இருந்திருந்தால், தங்கள் கோயில் வாசலில் காவலுக்கு நிறுத்தியிருப்பார்களா? தங்கள் கடவுளுக்கே அந்தப் பட்டத்தைச் சூட்டியிருப்பார்களா?

சரி, குதிரை இந்த ஊருக்கு எங்கிருந்து வந்தது? தமிழ்நாட்டு வெயிலுக்கும் தீனிக்கும் நல்ல போர்க்குதிரை பிறந்து வளர்வதில்லை. கடல் வழியாகத்தான் வரவேண்டும். சோழர் காலத்திலேயே 'குதிரைச் செட்டிகள்' என்ற வணிகர்களைப் பற்றிக் கல்வெட்டு பேசுகிறது. பாண்டியர் காலத்தில் இந்த வியாபாரம் உச்சத்துக்குப் போனது. 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் இங்கே வந்த மார்க்கோ போலோவும், அடுத்து எழுதிய பார்சி வரலாற்று ஆசிரியர் வஸ்ஸாஃபும் சொல்வதைப் படித்தால் ஆச்சரியமாக இருக்கும். பார்சீக வளைகுடாவில் கீஷ் என்று ஒரு தீவு. அதன் அதிபதி ஜமாலுத்தீன். ஆண்டுக்கு 1,400 குதிரைகளைப் பாண்டிய நாட்டுக்கு அனுப்ப அவர் ஒப்பந்தம் செய்திருந்தார். ஹுர்முஸ், கதீஃப், பஹ்ரைன் என்று மற்ற துறைமுகங்களிலிருந்து வந்ததையும் சேர்த்தால் 10,000 என்கிறார் வஸ்ஸாஃப். ஒரு குதிரையின் விலை 220 தீனார் செம்பொன்! வழியில் கடலில் செத்துப்போன குதிரைக்கும் பாண்டியன் விலை கொடுத்தாக வேண்டும். வியாபாரிகளே, இப்படி ஒரு கொள்முதல் ஒப்பந்தம் இன்று யாருக்காவது கிடைக்குமா?

அந்த ஜமாலுத்தீனின் சகோதரர் தகியுத்தீன் அப்துர் ரஹ்மான். பாண்டியனிடம் மந்திரியாக இருந்தவர். காயல் முதலான துறைமுகங்கள் அவர் பொறுப்பில் இருந்தன. ஒரு தமிழ் மன்னன் தன் கஜானாவின் வாசலை ஒரு முஸ்லிமிடம் ஒப்படைத்திருந்தான். கத்தியைக் காட்டிப் பெற்ற பதவி அல்ல அது. நம்பிக்கையால் வந்தது.

மார்க்கோ போலோ இன்னொரு விஷயமும் சொல்கிறார். இவ்வளவு விலை கொடுத்து வாங்கிய குதிரைகளில் பெரும்பாலானவை ஆண்டு முடிவதற்குள் செத்துப்போகுமாம். வேகவைத்த அரிசியோடு இறைச்சியைக் கலந்து தீனி போட்டார்களாம். லாடம் அடிக்கவோ நோய் பார்க்கவோ ஆள் இல்லையாம். அப்படிப்பட்ட நாட்டில் குதிரையைப் பழக்கவும், பராமரிக்கவும், ஏறி ஓட்டவும் தெரிந்தவனுக்கு எவ்வளவு மரியாதை இருந்திருக்கும்! பின்னால் விஜயநகரத்தில் 2ஆம் தேவராயர், 1424லிருந்து 1446 வரை ஆண்டவர், முஸ்லிம் குதிரை வீரர்களைத் தன் படையில் சேர்த்தார். அவர்கள் ஸலாம் சொல்லி மரியாதை செய்வதற்குத் தன் சிம்மாசனத்துக்கு முன்னால் குர்ஆன் பிரதியை வைத்திருந்தார் என்றும் வரலாற்றில் எழுதியிருக்கிறார்கள். குதிரை தெரிந்தவன் ராவுத்தன். மரியாதைக்கு ஓர் 'அர்' சேர்த்தால் ராவுத்தர்.

ஒரு வரைபடத்தை எடுத்துப் பார். காயல் தாமிரபரணியின் வாயில். பாண்டியன் தலைநகரம் மதுரை. இரண்டுக்கும் நடுவே விரிந்து கிடப்பது நம் கரிசல்காடு. நீ இன்று டூ-வீலரில் பறக்கிற இந்த நிலம்.

ஆக, அரபு நாட்டிலிருந்து குதிரையோடு வந்து இங்கேயே தங்கிப் பெண் எடுத்தவனும் ராவுத்தர். துருக்கிப் படையில் இருந்து வந்தவனும் ராவுத்தர். இந்த மண்ணிலேயே பிறந்து, குதிரைக்கொட்டிலில் வேலை பார்த்து, கலிமா சொல்லி, குதிரை ஏறியவனும் ராவுத்தர். இவர்களில் மூன்றாமவர்தான் அதிகம் என்பது என் எண்ணம். உன் பாட்டி பேசிய தமிழைக் காதில் வாங்கினால் நீயும் அப்படித்தான் நினைப்பாய். இப்போது வாட்ஸ்அப்பில் 'நாம் துருக்கிய சுல்தான்களின் நேரடி வாரிசுகள்' என்று வாள், குதிரை, கொடி படத்தோடு சுற்றிக்கொண்டிருக்கிறது. அனுப்புகிற பையனிடம் கேட்கிறேன்: உன் பாட்டனுக்குப் பாட்டன் பெயர் என்ன? தெரியாது! ஐந்தாவது தலைமுறை தெரியாதவன் ஐந்நூறு மைல் கடல் தாண்டி வம்சம் சொல்கிறான். ஒருபுறம் நம்மைப் பிடிக்காதவர்கள் 'வந்தேறிகள்' என்கிறார்கள். மறுபுறம் நாமே 'ஆமாம், நாங்கள் வெளியிலிருந்துதான் வந்தோம்' என்று மார் தட்டுகிறோம். இதைவிட முட்டாள்தனம் உண்டா?

சூலக்கரையைத் தாண்டி சாத்தூருக்கு ரயிலில் போனால் துலுக்கபட்டி என்று ஒரு ஸ்டேஷன் வரும். 'துருக்கர்' என்பது மருவித் துலுக்கர். அது பிறர் நமக்கு வைத்த பெயர். சுவனப்பிரியா முகத்தைச் சுளிக்காதே, அதைச் சொன்னவர்கள் எல்லாரும் வசையாகச் சொல்லவில்லை. ஆனால் ராவுத்தர் என்பது நம் தொழிலைப் பார்த்து ஊர் கொடுத்த பட்டம். என் சிறு வயதில் மார்க்கெட்டில் நாடார் முதலாளிகள் "வாங்க ராவுத்தரே" என்றுதான் அழைப்பார்கள். பக்கத்துக் கிராமங்களில் மாமன், மச்சான் என்று முறை வைத்துக் கூப்பிடுவார்கள். இப்போது எல்லாருக்கும் எல்லாரும் 'பாய்'. இந்தியில் அண்ணன் தம்பி என்று பொருள், தப்பில்லை. இருந்தாலும் ஊர் வாயில் நானூறு, ஐந்நூறு வருடம் இருந்த ஒரு தமிழ்ப் பட்டம் நம் கண் முன்னால் மறைந்துகொண்டிருக்கிறது. கடைப் பலகைகளைப் பார். 'இன்னார் ராவுத்தர் அன் சன்ஸ்' என்று எழுதியிருந்த இடங்களில் இப்போது 'ஸ்டார்', 'ராயல்', 'நேஷனல்'. இன்றைய பையன்களில் பாதிப் பேர் இந்தப் பெயரை முதன்முதலாகப் பார்த்தது சினிமா டைட்டிலில், 1991ல் வந்த 'கேப்டன் பிரபாகரன்' தயாரிப்பாளர் பெயரில்தான் என்றால் நான் யாரைக் குறை சொல்ல? அந்தப் படத்தை எப்போது பார்த்தாய் என்று இங்கே விசாரிக்கவில்லை.

பெயரை வைத்துக்கொள்வதா, விடுவதா? இதில் மார்க்கம் யார் கழுத்தையும் பிடிக்கவில்லை. கண்ணியமிகு காயிதே மில்லத் அவர்களின் தந்தையார் மியாகான் ராவுத்தர். 1896ல் பிறந்த மகன் முஹம்மது இஸ்மாயில் என்ற பெயரோடு நாடாளுமன்றம் வரை போனார், ராவுத்தர் என்று போட்டுக்கொள்ளவில்லை. திருச்சி ஜமால் முஹம்மது கல்லூரியை 1951ல் நிறுவியவர்களில் ஒருவரான காஜாமியான் ராவுத்தர் கடைசிவரை அந்தப் பெயரோடு இருந்தார். விட்டவரும் பெரியவர், வைத்திருந்தவரும் பெரியவர். ஒருவர் சமுதாயத்துக்கு அரசியல் முகவரி கொடுத்தார், மற்றவர் படிப்பு கொடுத்தார்.

இன்னொரு கூட்டம் இருக்கிறது. இயக்கத்தில் புதிதாகச் சேர்ந்த தம்பிகள். 'ராவுத்தர், லெப்பை, மரைக்காயர் எல்லாம் ஜாஹிலியத்து! பெயரைத் தூக்கி எறியுங்கள்!' என்று மேடையில் முழங்குகிறார்கள். தம்பி, உன் ஆவேசம் எனக்குப் பிடிக்கும். ஆனால் கொஞ்சம் கிதாபையும் புரட்டு. மதரஸாவில் நாங்கள் ஓதிய பிக்ஹு நூல் 'குதூரி'. அதை எழுதிய இமாமுக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது? 'கித்ர்' என்றால் பானை, சட்டி. அதைச் செய்கிற, விற்கிற தொழிலோடு சேர்ந்த பெயர் என்று சொல்வார்கள். நம் மத்ஹபின் மற்றொரு மேதை ஜஸ்ஸாஸ், அதாவது சுண்ணாம்புக்காரர். கஸ்ஸாஃப் என்றால் செருப்புத் தைப்பவர். ஹல்வானீ என்றால் அல்வாக்காரர். செருப்புத் தைத்தவர் கலீஃபாவின் அரண்மனைக்கே சட்டம் எழுதிக் கொடுத்தார்! தோழர்களில் பாரசீகத்திலிருந்து வந்த சல்மான், சல்மான் ஃபார்ஸீ என்றே கடைசிவரை அழைக்கப்பட்டார். பிலால் ஹபஷீ, சுஹைப் ரூமீ. ஊர்ப் பெயரும் தொழில் பெயரும் ஒட்டியிருப்பதை இஸ்லாம் தடுக்கவில்லை. 49வது அத்தியாயம் 13வது வசனமே, மனிதர்களைக் கிளைகளாகவும் கோத்திரங்களாகவும் ஆக்கியது ஒருவரை ஒருவர் அறிந்துகொள்வதற்காக என்கிறது. அறிந்துகொள்ள! அளந்து பார்க்க அல்ல.

இப்போது வற்றல் வியாபாரி அண்ணனிடம் வருகிறேன்.

அவர் என்னிடம் சும்மா வரவில்லை. கிதாபோடு வந்தார். "ஹஜ்ரத், நிக்காஹ்வுக்கு குஃபு பார்க்கணும்னு நம்ம ஹனஃபி கிதாபுலயே இருக்குதே?" என்றார். யாரோ சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். இருக்கிறது. இல்லை என்று சொல்லி நான் தப்பிக்க மாட்டேன். ஆனால் பாதி வரியைப் படித்துவிட்டு மூடாதீர்கள், முழுப் பக்கத்தையும் படியுங்கள்.

முதலாவது, வம்சத்தைப் பார்த்து குஃபு என்று நம் கிதாபுகள் சொன்னது அரபிகளுக்கு. ஏனென்றால் அவர்கள் தங்கள் வம்சாவளியைப் பாதுகாத்து வைத்திருந்தார்கள். அஜமிகள், அதாவது அரபி அல்லாதவர்கள், தங்கள் வம்சக் கணக்கைத் தொலைத்துவிட்டவர்கள். அவர்களுக்குள் வம்சம் பார்ப்பது கிடையாது என்று அதே கிதாபுகளில் அதே இமாம்கள் எழுதியிருக்கிறார்கள். ராவுத்தர் அரபியா, அஜமியா? நீங்களே சொல்லுங்கள் அண்ணே.

இரண்டாவது, அஜமிகளுக்கு எதைப் பார்க்கச் சொன்னார்கள்? எத்தனை தலைமுறையாக இஸ்லாத்தில் இருக்கிறார் என்று. ஹிதாயாவைப் புரட்டுங்கள். தகப்பனும் பாட்டனும் இஸ்லாத்தில் இருந்தால் போதும், அதற்கு மேல் எத்தனை தலைமுறை முஸ்லிமாக இருந்தவனுக்கும் அவன் சமம். உங்கள் மாப்பிள்ளைப் பையனின் தாத்தா கலிமா சொன்னவர். அத்தா முஸ்லிமாகப் பிறந்தவர். கணக்கு முடிந்தது! நீங்கள் கொண்டுவந்த கிதாபே அந்தப் பையனுக்குத்தான் சாட்சி சொல்கிறது.

மூன்றாவது, தொழில். அதையும் கிதாபில் பார்க்கிறார்கள். சரி, பார்ப்போம். பையன் செல்போன் பழுது பார்க்கிறான். நீங்கள் வற்றல் விற்கிறீர்கள். ராவுத்தரே, குதிரை எங்கே? உங்கள் வீட்டில் கடைசியாகக் குதிரை ஏறியது யார்? கல்யாண ஊர்வலத்தில், மணிக்கு இவ்வளவு என்று வாடகைக்கு எடுத்த குதிரையில், இரண்டு பேர் பிடித்துக்கொள்ள நடுங்கிக்கொண்டே உட்கார்ந்திருந்தீர்களே, அது மட்டும்தான்!

அவர் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். ஆனால் விஷயம் சிரிப்பதற்கு உரியதல்ல.

கைஸின் மகள் ஃபாத்திமா (ரலி) அவர்களின் கதையை அவருக்குச் சொன்னேன். குறைஷிக் குலத்துப் பெண்மணி. கணவர் தலாக் சொன்னபின் இரண்டு பேர் பெண் கேட்டார்கள். இருவரும் குறைஷிகள், ஒருவர் முஆவியா (ரலி). அந்த அம்மையார் நபி (ஸல்) அவர்களிடம் ஆலோசனை கேட்டார். அவர்கள் இரண்டு குறைஷிகளையும் தள்ளிவைத்து, உஸாமாவை மணந்துகொள் என்றார்கள். உஸாமா யார்? அடிமையாக இருந்து விடுதலையான ஜைதின் மகன். தாய் அபிசீனிய வம்சத்து உம்மு அய்மன். அம்மையாருக்கு முதலில் மனம் ஒப்பவில்லை. பெருமானார் மறுபடியும் சொன்னார்கள். மணந்துகொண்டார். அதில் அல்லாஹ் நன்மையை வைத்தான், மற்றவர்கள் பொறாமைப்படும் அளவுக்கு நான் வாழ்ந்தேன் என்று அவரே சொன்னதாக ஹதீஸில் வருகிறது. முதலில் மனம் ஒப்பவில்லை என்பதை அவர் மறைக்கவில்லை பாருங்கள். மனம் உடனே ஒப்பாது. அது மனித இயல்பு. அண்ணனைத் திட்டுவதற்காக நான் இதை எழுதவில்லை.

ராவுத்தர் வீட்டில் லெப்பைக்குப் பெண் இல்லை, லெப்பை வீட்டில் பஞ்சுக்கொட்டிக்குப் பெண் இல்லை, முடிவெட்டும் குடும்பத்துப் பையன் எவ்வளவு படித்தாலும் எந்த வீட்டிலும் பெண் இல்லை. தொழுகையில் தோளோடு தோள் நிற்கிறோம், ஸலாம் கொடுத்து முடித்ததும் தோளை உதறிக்கொள்கிறோம். லெப்பை என்றால் என்ன? நம் பக்கத்துப் பல ஊர்களில் ஓதிக் கொடுப்பவரையும் தொழுகை நடத்துபவரையும் கிடா அறுப்பவரையும் லெப்பை என்றே அழைத்தார்கள். அந்தக் கணக்கில் ராவுத்தர் வீட்டில் பிறந்த நான் பார்ப்பது லெப்பை வேலை! எனக்குப் பெண் கொடுத்த மாமனார் இதை யோசிக்காமல் விட்டுவிட்டார் போலிருக்கிறது. மரைக்காயர் என்பதோ மரக்கலத்தோடு ஒட்டிய பெயர். கடலில் போனவர் மரைக்காயர், தரையில் குதிரை ஓட்டியவர் ராவுத்தர், பள்ளியில் ஓதியவர் லெப்பை. ஒரே வீட்டில் மூன்று மகன்கள் மூன்று வேலைக்குப் போனால் எப்படியோ அப்படி. 1909ல் தென்னிந்திய ஜாதிகளைப் பற்றி ஏழு பாகம் எழுதிய தர்ஸ்டன்கூட ராவுத்தன் என்பதைப் பட்டம் என்றுதான் குறித்தார். வெள்ளைக்காரனுக்குத் தெரிந்தது நமக்குத் தெரியவில்லை.

சர்க்கார் ஏட்டுக்கு வருவோம். தமிழக பிற்பட்ட வகுப்பு முஸ்லிம் பட்டியலில் ஏழு பிரிவுகள்: அன்சர், தக்கனி முஸ்லிம், தூதேகுலா, லெப்பை, மாப்பிள்ளா, ஷேக், சையத். இதில் லெப்பை என்ற தலைப்புக்குள்தான் ராவுத்தரும் மரைக்காயரும் வருகிறார்கள், பேசுவது தமிழானாலும் உருதுவானாலும் சரி. அதனால்தான் வீட்டில் ராவுத்தர் என்று பெருமை பேசுகிறவர்கள் பலர் சர்டிபிகேட்டில் லெப்பை என்று வாங்கி வைத்திருக்கிறார்கள். 2007ல் கிடைத்த 3.5 சதவீத உள் ஒதுக்கீடு இந்தப் பட்டியலின் வழியாகத்தான் உன் தம்பிக்கு என்ஜினீயரிங் சீட்டாக வருகிறது. ஆகவே சர்டிபிகேட் எடு. தாமதிக்காமல் எடு. பள்ளிக்கூடச் சான்றிதழில் ஒரு பெயர், சாதிச் சான்றில் வேறொரு பெயர் என்று குழப்பி வைத்துவிட்டு கவுன்சலிங் சமயத்தில் என்னிடம் ஓடி வராதே. சர்க்கார் கேட்பதை சர்க்காருக்குக் கொடு.

ஆனால் இதிலும் ஒரு வேதனை இருக்கிறது. கலிமா சொல்லி வந்த சகோதரனுக்கு இந்தப் பட்டியலில் இடமே இல்லாமல் இருந்தது. 2022 டிசம்பரில் சென்னை உயர்நீதிமன்ற மதுரைக் கிளை, மதம் மாறிய ஒருவர் அந்த ஒதுக்கீட்டைக் கோர முடியாது என்று தீர்ப்பளித்தது. பிற்பட்ட, மிகவும் பிற்பட்ட, ஆதிதிராவிட வகுப்புகளிலிருந்து இஸ்லாத்துக்கு வந்தவர்களைப் பிற்பட்ட வகுப்பு முஸ்லிமாகக் கருத வேண்டும் என்று 2024 மார்ச்சில் தமிழக அரசு ஆணை போட்டது. அதற்குப் பிறகும் விவகாரம் கோர்ட் படியேறுகிறது. இதற்காகத் தெருவில் இறங்கிக் குரல் கொடுத்தோம், இன்னும் கொடுப்போம். ஆனால் சகோதரனே, கலெக்டர் ஆபீஸ் வாசலில் 'அவனும் எங்களில் ஒருவன்' என்று கோஷம் போட்டுவிட்டு, வீட்டு வாசலில் 'அவன் எங்களில் ஒருவன் இல்லை' என்று சொன்னால், கோர்ட்டுக்கு நாம் என்ன பதில் வைத்திருக்கிறோம்?

நம் ஊரிலேயே பாடம் இருக்கிறது. இந்த ஊருக்கு ஒரு காலத்தில் விருதுபட்டி என்று பெயர். 1923ல்தான் விருதுநகர் ஆனது. இங்கே வியாபாரம் செய்த நாடார் சமூகத்தை அந்நாளில் வேறொரு பெயரால் இழிவாக அழைத்தார்கள். 1910ல் மகாஜன சங்கம் கண்டார்கள். மனு மேல் மனு போட்டார்கள். 1921 சென்சஸில் 'நாடார்' என்ற பெயர் சர்க்கார் ஏட்டில் ஏறியது. ஆனால் பெயருக்காக மட்டும் அவர்கள் அலையவில்லை. அதற்கு முன்னமே, 1889ல், க்ஷத்திரிய வித்தியாசாலையைத் தொடங்கிவிட்டார்கள். வியாபாரத்தில் மகமை பிடித்து, வீட்டுக்கு வீடு பிடியரிசி வாங்கி நடத்திய பள்ளிக்கூடம். காமராஜர் படித்தது அங்கேதான். நாம் பெயரையும் பள்ளிக்கூடத்தையும் எந்த வரிசையில் வைத்திருக்கிறோம் என்று வியாபாரிகள் யோசியுங்கள். சிவகாசியில் வெடி விற்கிறவருக்குத் தெரியும், லேபிளை எவ்வளவு பளபளப்பாக அடித்தாலும் உள்ளே மருந்து நமுத்திருந்தால் வெடிக்காது.

வற்றல் வியாபாரி அண்ணன் நீண்ட நேரம் உட்கார்ந்திருந்தார். "ஊர்ல நாலு பேர் பேசுவாக ஹஜ்ரத்" என்றார் கடைசியில். பேசுவார்கள். அந்த நாலு பேரில் ஒருவர் ஜமாஅத் நிர்வாகத்திலேயே இருப்பார் என்பது எனக்கும் தெரியும். "வீட்ல கலந்துட்டு, பிறை பத்துக்குள்ள சொல்றேன்" என்று எழுந்து போனார்.

அவர் போன பிறகு நிக்காஹ் தப்தரை எடுத்துப் பார்த்தேன். மணமகன் பெயர், தகப்பனார் பெயர், ஊர். மணமகள் பெயர், தகப்பனார் பெயர், ஊர். வலி, இரண்டு சாட்சிகள், மஹர் தொகை, தேதி. பழைய தப்தர், தாள் மஞ்சளாகிவிட்டது. எங்களுக்கு முன்னால் இருந்த பெரியவர்கள் கோடு போட்டு அச்சடித்தது. ராவுத்தரா, லெப்பையா, வந்தவரா, இருந்தவரா என்று கேட்கும் கட்டம் ஒன்றுகூட அதில் கிடையாது. அடுத்த பக்கம் காலியாக இருக்கிறது. பிறை பத்துக்கு இன்னும் ஆறு நாள்.